டேவிட் பிரவுன் (பேஸ் கிட்டார் கலைஞர்)

டேவிட் பிரவுன் (பிப்ரவரி 15, 1947 – செப்டம்பர் 4, 2000) ஓர் அமெரிக்க இசைக்கலைஞர். லத்தீன் ராக் இசையை உலகறியச் செய்த சான்டானா குழுவின் தொடக்ககால பேஸ் கிட்டார் கலைஞர் இவர். குழுவின் பெயரும் புகழும் தலைமைக் கிட்டார் கலைஞர் கார்லோஸ் சான்டானாவையே சுற்றி நின்றதால், பிரவுனின் பங்கு பலருக்கும் தெரியாமல் போயிற்று.

சான்டானா குழுவில்

இக்குழு 1966இல் சான்பிரான்சிஸ்கோவில் 'சான்டானா புளூஸ் பேண்ட்' என்ற பெயரில் தொடங்கியது. 1969 ஆகஸ்ட் 16 அன்று, முதல் இசைத்தொகுப்பு வெளிவரும் முன்பே, நியூயார்க் மாநிலத்தில் நடந்த உட்ஸ்டாக் இசைவிழாவில் மேடையேறியது. விழாவில் ஏறத்தாழ 4 லட்சம் பேர் திரண்டிருந்தனர். அங்கு வாசித்த 'சோல் சாக்ரிஃபைஸ்' 1970இல் வந்த ஆவணப்படத்திலும் இடம்பெற்றுக் குழுவைப் புகழின் உச்சிக்குக் கொண்டு சென்றது. பாடலே இல்லாத அந்த இசைக்கோவையை இயற்றிய நால்வருள் பிரவுனும் ஒருவர்.

'சான்டானா' (1969), 'அப்ராக்சஸ்' (1970), மூன்றாம் தொகுப்பு (1971) ஆகியவற்றில் இவர் வாசித்தார். பின்னவை இரண்டும் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றன.

பேஸின் பணி

ராக் இசையில் பேஸ் பொதுவாக நான்கடித் தாளத்தின் முதல் அடியை அழுத்திக் காட்டும். கியூப இசை மரபிலோ, நான்காம் அடியிலேயே அடுத்த சுற்றின் சுரத்தை முன்கூட்டி ஒலித்துவிட்டு, முதல் அடியை மீட்டாமல் விடுவதுண்டு. உடலை ஆடத் தூண்டுவது அந்த இடைவெளிதான். இவ்விரு மரபுகளும் சந்திக்கும் இசையில் டிரம்ஸ், கோங்கா, டிம்பாலே என மூன்று தாளக்கருவிகள் ஒருசேர முழங்கும்போது, அவற்றைக் கிட்டாரோடும் ஆர்கனோடும் இணைப்பது பேஸ். டிட்டோ புவெந்தே இயற்றிய 'ஓயே கோமோ வா' பாடலில் இரண்டே கோர்டுகள் மாறிமாறிச் சுழல்கின்றன. அங்கே பிரவுன் தம் திறமையைக் காட்ட முனையாமல், ஒரே சிறு தொடரைச் சோராது திரும்பத் திரும்ப வாசிக்கிறார். மற்றவர்களின் துணிச்சலான வாசிப்புக்கு அதுவே தரை.

பிற்காலம்

1971இல் விலகிய பிரவுன், 1974இல் திரும்பி வந்து 'போர்போலெட்டா' (1974), 'அமிகோஸ்' (1976) தொகுப்புகளில் வாசித்தார். 1998இல் குழுவினருடன் ராக் அண்ட் ரோல் புகழவையில் சேர்க்கப்பட்டார். இரண்டு ஆண்டுகளில் மறைந்தார். பழைய உறுப்பினர்கள் பலர் மீண்டும் கூடி 2016இல் 'சான்டானா IV' தொகுப்பை வெளியிட்டபோது, இவருடைய இடத்தில் பென்னி ரீட்வெல்ட் வாசித்தார்.