ஒரு என்ஜின் நின்றால்

1927-இல் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்கு எங்கும் இறங்காமல் பறக்கப் பலர் முண்டியடித்தபோது, சார்லஸ் லிண்ட்பெர்க் ஒற்றை என்ஜின் விமானம்தான் வேண்டும் என்று செய்து வாங்கினார். மூன்று என்ஜின் இருந்தால் பழுதாகவும் மூன்று இருக்கும். எரிபொருளைத் திணித்துக் கனத்துப்போன விமானத்தில் ஒன்று நின்றால் மிச்சமுள்ளவை அதைத் தாங்காது என்பது அவர் கணக்கு. இன்று அமெரிக்காவில் பல என்ஜின் ரேட்டிங் வாங்கப் போகிறவருக்குச் சொல்லித்தரும் முதல் பாடமும் ஏறக்குறைய அதுதான்.

ஒற்றை என்ஜின் விமானம் ஓட்ட உரிமம் வைத்திருப்பவர் அதே உரிமத்தோடு சேர்த்துக்கொள்ளும் தகுதி இது. அந்நாட்டு விமானத்துறை அமைப்பான எஃப்.ஏ.ஏ. இதற்கு எழுத்துத் தேர்வு வைப்பதில்லை. இத்தனை மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்ற கணக்கும் இல்லை. ஆள் தயார் என்று பயிற்றுநர் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு தேர்வாளர் முன் வாய்மொழியிலும் வானத்திலும் தேற வேண்டும். சில நாளில், அதிகம் போனால் ஒரு வாரத்தில் முடித்துத்தரும் துரிதப் பயிற்சிகள் அங்கே பெருகியதற்கு இதுவே காரணம்.

பயிற்சிக்கு அதிகம் புழங்கும் விமானங்களில் ஒன்று பைப்பர் செமினோல். இறக்கைக்கு ஒன்றாக 180 குதிரைத்திறன் லைகமிங் என்ஜின்கள். இரண்டும் ஓடுகிறவரை இதை ஓட்டுவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. கூடுதல் நெம்புகோல்கள் சீக்கிரமே கைக்குப் பழகிவிடும். மீதி நேரமெல்லாம் பயிற்றுநர் ஏதாவதொரு என்ஜினை முடக்கிக்கொண்டே இருப்பார்.

இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு படுத்துக்கொண்டால் மற்றது வண்டியை நேரே இழுக்காது, பக்கவாட்டில் திருப்பும். விமானமும் அப்படித்தான். இடது என்ஜின் நின்றால் மூக்கு இடப்பக்கம் போகும்; நேராக்க வலது பெடலை அழுத்த வேண்டும். வேலையில்லாமல் கிடக்கிற கால் எந்தப் பக்கமோ, நின்றது அந்தப் பக்கத்து என்ஜின். அதையும் உடனே நம்பிவிடக் கூடாது. அந்த என்ஜினின் விசை நெம்புகோலான த்ராட்டிலை மெல்லப் பின்னுக்கு இழுத்துப் பார்க்க வேண்டும். எந்த மாற்றமும் இல்லையென்றால்தான் அது செத்த என்ஜின். பதற்றத்தில் நல்ல என்ஜினை அணைத்துவிட்ட விமானிகள் உண்டு.

பெடல் அசைக்கும் வால் சுக்கானான ரடருக்குப் பலம் கொடுப்பது ஓடும் காற்று. வேகம் குறையக் குறைய அந்தப் பலமும் குறையும். ஒரு வேகத்துக்குக் கீழே பெடலை அடிவரை மிதித்தாலும் விமானம் கேட்காது. செத்த என்ஜின் பக்கம் திரும்பி, சாய்ந்து, மல்லாந்துகூடப் போய்விடும். வேகமானியில் அந்த எல்லையைச் சிவப்புக் கோடு காட்டும். செமினோலில் அது 56 நாட். அதற்கருகே மாட்டிக்கொண்டால் செய்ய வேண்டியது மனம் சொல்வதற்கு நேரெதிர்: நல்ல என்ஜினின் விசையைக் குறைத்து, மூக்கைத் தாழ்த்த வேண்டும். தரை பக்கத்தில் இருக்கும்போது இதைச் செய்யக் கை வராது. உயரத்தில் திரும்பத் திரும்பப் பழக்குவது அதனால்தான். அதிலும் ஒரு பொறி உண்டு. மேலே போகப் போக நல்ல என்ஜினின் விசை குறைவதால் சிவப்புக் கோட்டு வேகம் உண்மையில் இறங்கிவிடும். இறக்கை தூக்குவதை நிறுத்தும் வேகமோ மானியில் மாறாது. இரண்டும் ஒன்றையொன்று தொடுகிற உயரத்தில் விமானம் சுழன்று விழக்கூடும்.

செத்த என்ஜினின் புரொப்பல்லர் காற்றில் சும்மா சுற்றினால் அதுவே பெரிய தடை. தகடுகளைக் காற்றுக்கு விளிம்பு காட்டும்படி திருப்பி நிறுத்த வேண்டும். ஃபெதர் செய்வது என்பார்கள். தாமதிக்கவும் முடியாது. தரையில் என்ஜினை அணைக்கும்போது தகடுகள் தாமாகத் திரும்பிவிடாதபடி ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள். செமினோலில் சுழற்சி நிமிடத்துக்கு ஏறக்குறைய 950-க்குக் கீழே போனால் அந்தப் பூட்டு விழுந்துவிடும். பிறகு ஃபெதர் ஆகாது.

பாதி விசை போனால் பாதி ஏறுதிறன் மிஞ்சும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். இருக்கிற விசையில் பெரும்பகுதி விமானத்தைத் தாழாமல் பறக்கவைக்கவே செலவாகிறது. ஏற உதவுவது மிச்சம் மட்டுமே. கடல் மட்டத்தில் முழுச்சுமையோடு இரண்டு என்ஜினில் நிமிடத்துக்கு 1,300 அடிக்கு மேல் ஏறும் செமினோல், ஒன்றில் 200 அடியைச் சுற்றித்தான் ஏறும். அதுவும் வேகமானியில் நீலக் கோடு காட்டும் 88 நாட் வேகத்தைப் பிடித்து, நல்ல என்ஜின் பக்கம் இரண்டு மூன்று டிகிரி சாய்த்துப் பிடித்தால். டென்வர் நகரம் 5,280 அடி உயரத்தில் இருக்கிறது. கோடை வெயிலில் அங்கே முழுச்சுமையோடு கிளம்பி ஒரு என்ஜின் நின்றால், இரண்டாவது என்ஜின் இறங்கும் இடத்தைத் தேடக் கொஞ்சம் அவகாசம் தரும், அவ்வளவுதான்.

இத்தனையும் சில நாளில் ஏற வேண்டுமென்றால் படிப்பை வீட்டிலேயே முடித்துவிட்டுப் போக வேண்டும். அந்த விமானத்தின் கையேடு, வேகங்கள், எரிபொருள் குழாய்கள் போகும் வழி எல்லாம் மனப்பாடமாக இருக்க வேண்டும். காக்பிட் படத்தைச் சுவரில் ஒட்டி, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து கைகளை ஓட்டிப் பழகுகிறவர்கள் உண்டு: எரிபொருள் கலவை, புரொப்பல்லர், த்ராட்டில் முன்னே, ஃபிளாப் மேலே, சக்கரம் மேலே, எந்த என்ஜின் என்று கண்டுபிடி, சரிபார், ஃபெதர் செய். வெளியிலிருந்து பார்க்கிறவருக்குச் சிரிப்பு வரும். ஆனால் செலவில்லாத பயிற்சி இதைவிட வேறில்லை. ஒற்றை என்ஜினிலேயே கை துருப்பிடித்துப் போனவர் அதைச் சரிசெய்துகொண்டு வருவது நல்லது. இல்லையென்றால் பழைய பாடத்துக்கு இரண்டு என்ஜின் வாடகை கொடுக்க நேரும்.

தேர்வில் தேறினால் தற்காலிகச் சான்றிதழ் அன்றே கைக்கு வந்துவிடும்; 120 நாள் செல்லும். ஆனால் அதைக் காட்டி மறுநாளே ஓர் இரட்டை என்ஜின் விமானத்தைத் தனியே வாடகைக்கு எடுப்பது பெரும்பாலும் நடக்காது. இத்தனை மணி நேரம் இரட்டை என்ஜினில் பறந்திருக்க வேண்டும் என்று காப்பீட்டுக்காரர்கள் கேட்பார்கள். எஃப்.ஏ.ஏ. கேட்காத அந்தக் கணக்கை அவர்கள் விடுவதில்லை.