விண்வெளியில் ஈயக் கவசம் ஏன் எடுபடாது?

எக்ஸ்ரே எடுக்க கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஒரு கிளினிக்குக்குப் போனவர்கள் ஈய மேலங்கியைப் பார்த்திருப்பார்கள். கதிர்வீச்சைத் தடுக்க ஈயம்தான் என்று நாமும் பழகிவிட்டோம். ஆனால் அனைத்துலக விண்வெளி நிலையத்தில் வீரர்கள் உறங்கும் அறைகளுக்குக் கூடுதல் காப்பு தருவது பாலித்தீன், அதாவது சாதாரண பிளாஸ்டிக் வகை!

2007 அக்டோபர் 10 அன்று புறப்பட்ட நம் மலேசியாவின் முதல் விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முஸாபர் ஷுகோர் அந்த நிலையத்துக்குப் போய் 11 நாளில் திரும்பினார். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அந்த நிலையத்துக்குப் பூமியின் காந்தப்புலம் ஓரளவு அரணாக நிற்கிறது. நிலவுக்கும் செவ்வாய்க்கும் போகிறவர்களுக்கு அந்த அரண் கிடையாது.

கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய்க்குச் செல்லும் வழியில் அளந்த கதிர்வீச்சு நாளொன்றுக்கு சுமார் 1.8 மில்லிசீவர்ட். அதன்படி போகவும் வரவும் ஆறாறு மாதமானால் மொத்தம் சுமார் 660 மில்லிசீவர்ட் சேரும். ஒரு வீரரின் வாழ்நாள் முழுவதற்கும் நாசா வைத்துள்ள வரம்பே 600தான்.

பிளாஸ்டிக் எப்படிக் காக்கிறது?

எக்ஸ்ரே ஒளியின் இனம். ஈயம் அதை விழுங்கிவிடும். விண்கதிரோ ஒளிவேகத்தை நெருங்கி வரும் அணுக்கரு. பெரும்பாலும் புரோட்டான்கள், இடையிடையே இரும்பு போன்ற கனமானவை. அவை ஈயத்தின் பெரிய அணுக்கருவில் மோதினால் நியூட்ரான்களும் சிதறல் துகள்களும் தெறிக்கும். மெல்லிய ஈயத் தகடு ஆபத்தைக் கூட்டவும் கூடும். விண்கலங்கள் கட்டப் பயன்படும் அலுமினியத்திலும் இந்தக் குறை ஓரளவு உண்டு.

ஹைட்ரஜன் அணுக்கருவில் இருப்பது ஒரே ஒரு புரோட்டான். தெறிக்க நியூட்ரானே இல்லை. ஒரு கிராமுக்கு எலக்ட்ரான் எண்ணிக்கையும் மற்றத் தனிமங்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. பாய்ந்து வரும் துகளின் வேகத்தை உறிஞ்சுபவை எலக்ட்ரான்களே. பாலித்தீனில் ஒவ்வொரு கார்பனுக்கும் இரண்டு ஹைட்ரஜன் உண்டு.

நியூட்ரானுக்கும் ஹைட்ரஜனே மருந்து. ஒரு கோலி சம எடையுள்ள இன்னொரு கோலியில் மோதினால் வேகத்தை அதற்குக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். இதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. பாங்கியில் 1982 முதல் இயங்கும் 1 மெகாவாட் ‘ரியாக்டர் திரிகா புஸ்பாத்தி’ ஆராய்ச்சி அணு உலையின் மையம் தண்ணீர்த் தொட்டிக்குள் இருக்கிறது. மேலே நிற்பவர்களைக் காப்பது ஹைட்ரஜன் நிறைந்த அந்தத் தண்ணீர், சுற்றிலும் கான்கிரீட்.

கூட்டுப்பொருள் எதற்கு?

பாலித்தீன் மென்மையானது, எளிதில் உருகும், தீப்பிடிக்கும். அதை வைத்து விண்கலச் சுவர் எழுப்ப முடியாது. தனிக் கவசமாக ஏற்றினாலோ, ஒவ்வொரு கிலோவும் செலவு. சுவரே கவசமாகவும் இருந்தால் இரண்டும் தீரும். அதனால்தான் பாலித்தீன் இழைகளைப் பிசினில் பதித்துக் கூட்டுப்பொருள் செய்கிறார்கள். நாசாவின் மார்ஷல் மையத்தில் ராஜ் கவுல் குழு உருவாக்கிய ‘ஆர்எக்ஸ்எஃப்1’ அத்தகையது. அலுமினியத்தைவிட மூன்று மடங்கு இழுவலிமை, 2.6 மடங்கு எடை குறைவு என்று 2005இல் நாசா தெரிவித்தது. நியூட்ரானைப் பிடிப்பதில் வல்ல போரானைச் சேர்ப்பது அடுத்த படி. போரான் நைட்ரைடு நானோகுழாய்கள் அதற்காகவும் ஆராயப்படுகின்றன.

2022இல் நிலவைச் சுற்றி வந்த ஆர்ட்டெமிஸ் 1 கலத்தில் ஹெல்கா, சோஹார் என்ற இரண்டு மனித உடல் மாதிரிகள் சென்றன. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பாலித்தீன் கவச அங்கி அணிந்தவள் சோஹார் மட்டுமே.

எல்லை எது?

சூரியப் புயலின் துகள்களை இத்தகைய கவசம் நன்றாகவே மட்டுப்படுத்தும். அண்டவெளியிலிருந்து வரும் அதிவேகக் கதிர்களை முழுதாகத் தடுக்கும் தடிமனை எந்த ராக்கெட்டாலும் சுமக்க முடியாது. ஆகவே கவசம் செய்பவருக்கு இணையாக, வேகமான உந்துபொறி செய்பவரும் வீரர்களைக் காக்கிறார். பயணத்தில் ஒரு நாள் குறைந்தாலே 1.8 மில்லிசீவர்ட் மிச்சம். பூமியில் சராசரி மனிதருக்கு இயற்கையாகவே ஒன்பது மாதத்தில் சேரும் கதிர்வீச்சு அது.