பொதியின்மேல் ஒரு படம்

பாலபண்டித வகுப்பில் முன்னர் என்னிடம் படித்த மாணவர் ஒருவர் சென்ற தை மாதத்தில் என்னைக் காண வந்திருந்தார். பண்டாரவளைப் பகுதியைச் சேர்ந்தவர். தோட்டத்திற் கொழுந்து பறித்துப் பிள்ளைகளைப் படிப்பித்த ஒரு தாயின் மகன். தேயிலையை மொத்தமாக வாங்கிச் சிறு பொதிகளாகக் கட்டி விற்க எண்ணியிருந்தார். “ஐயா, பொதியின்மேல் அச்சிட இரண்டு வரி எழுதித் தரவேண்டும்” என்று கேட்டு, அச்சகத்தார் வரைந்து கொடுத்த படமொன்றையும் என்முன் வைத்தார். செந்நிறச் சேலை உடுத்த இளம்பெண் ஒருத்தி, முதுகிற் கூடை, கூந்தலிற் பூ, முகம் நிறைந்த சிரிப்பு, பின்னே நீலமலை.

எனக்குக் கூச்சமாக இருந்தது. கடைச்சரக்குக்கு வரி எழுதுவது பண்டிதர் தொழிலா என்று முதலில் நினைத்தேன். பின்னர் அந்த நினைவுக்காக நானே வெட்கினேன். நண்பர் எழுதிய நூலுக்கு, அதனை முழுதும் படியாமலே, சிறப்புப்பாயிரம் பாடிக் கொடுத்தவன் நான். அதனினும் பெரிய விளம்பரம் வேறென்ன இருக்கிறது? “ஆறுதலாக எழுதி அனுப்புகிறேன், தம்பி” என்று சொல்லி அவரை வழியனுப்பிவிட்டு, இலங்கைத் தேயிலையைப் பொதியிற் கட்டி உலகெங்கும் விற்ற தோமஸ் லிப்டனின் வரலாற்றை எடுத்துவைத்துப் படிக்கலானேன்.

லிப்டன் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலே, ஏழை மக்கள் நெருங்கி வாழ்ந்த கோர்பல்ஸ் பகுதியிற் பிறந்தவர். பிறந்த ஆண்டு 1848 என்பர். அவரோ 1850 என்றே சொல்லிவந்தார். சரக்கை மட்டுமன்றி வயதையும் புதியதாகக் காட்டுவதில் அவருக்கு விருப்பம் போலும். பெற்றோர் அயர்லாந்திலிருந்து குடிபெயர்ந்தவர்கள்; சின்னஞ்சிறு கடையொன்றிற் பன்றியிறைச்சியும் வெண்ணெயும் முட்டையும் விற்றார்கள். அச்சரக்கு அயர்லாந்து உழவரிடமிருந்து நேரே கப்பலில் வந்தது; இடையிலே தரகர் இல்லை. ஒருநாள் தந்தை தம் பெருங்கையால் முட்டையை எடுத்துக் கொடுப்பதைக் கண்ட சிறுவன், “அம்மா எடுத்துக் கொடுக்கட்டும், அவர் கை சிறியது, முட்டை பெரிதாகத் தோன்றும்” என்றானாம். கதை மெய்யாயினும் கட்டியதாயினும் ஆளைக் காட்டுகிறது.

பதினாறு வயதளவில் அவர் கப்பலேறி அமெரிக்கா சென்றார். புகையிலைத் தோட்டத்திலும் நெல்வயலிலும் உழைத்தபின், நியூயோர்க்கிற் பெரிய அங்காடியொன்றின் பலசரக்குப் பிரிவில் வேலைக்கு அமர்ந்தார். கடை பளிச்சென்று ஒளியோடிருக்க வேண்டும், வருபவரைச் சிரித்த முகத்தோடு வரவேற்க வேண்டும் என்பவற்றை அவர் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடம் அதுவே. ஊர் திரும்பியபோது தாய்க்கு ஒரு மாப்பீப்பாவும் ஓர் ஆடுகதிரையும் கொண்டுவந்தார். அவற்றை வண்டியின் கூரைமேல் ஏற்றி, அயலவர் கண்ணிற் படும்படி தெருவழியே மெல்ல ஓட்டச் செய்தார் என்பர். தாய்மேல் அன்பும் விளம்பரமும் அந்த வண்டியில் ஒன்றாகவே ஏறி வந்தன. அவர் வாழ்வில் அவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தல் கடைசிவரை அரிது.

1871 மே 10ஆம் திகதி கிளாஸ்கோவின் ஸ்ரொப்குரொஸ் வீதியில் அவருடைய முதற்கடை திறக்கப்பட்டது. கொள்வனவு செய்பவரும், விற்பவரும், காசு வாங்குபவரும், கூட்டித் துடைப்பவரும் அவரே. வெள்ளை மேலங்கி அணிந்து நின்று, வருபவரைப் பெயர் சொல்லி அழைத்தார். கடன் கொடுப்பதில்லை, கைக்காசுக்கே விற்பனை. நம்மூர்க் கடைகளில் உறவென்றாற் கடன்கொப்பி என்று பொருள். கொப்பி தடிக்கத் தடிக்கக் கடைக்காரரைக் கண்டு வாடிக்கையாளர் வேறு தெருவால் நடப்பார். லிப்டன் கடனை விலக்கியதனாலே விலையைக் குறைத்தார்; குறைந்த விலையை நாடி வந்தவரை இன்சொல்லாற் பிடித்தார். வாடிக்கை என்னும் சொல் வழக்கத்தைக் குறிப்பது. வந்தவர் மறுமுறையும் வருவதே அச்சொல்லின் பொருள் என்பதை, தமிழறியாத அவர் நன்கறிந்திருந்தார்.

இனி அவருடைய விளம்பரங்களைச் சொல்லவேண்டும். சொல்லும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது. கொழுத்த பன்றிகளை அலங்கரித்து, ‘லிப்டனின் அநாதைகள்’ என்று எழுதிக் கட்டி, கிளாஸ்கோத் தெருக்களில் ஓட்டிச் செல்லச் செய்தார். போக்குவரத்து நின்றது; ஊர் முழுதும் அதுவே பேச்சாயிற்று. கேலிச்சித்திரம் வரையும் ஒருவரை அமர்த்தி, வாரந்தோறும் புதுப்படம் ஒன்றைக் கடைக்கண்ணாடியில் மாட்டினார். சரக்கு வாங்காதவரும் படம் பார்க்க வந்தனர். பின்னர் பவுண் நோட்டைப் போலவே ஒரு தாள் அச்சிட்டார். பிற கடைகளில் ஒரு பவுணுக்கு விற்கும் பொருளைத் தம் கடையில் 15 சிலிங்குக்குத் தருவதாக அதில் உறுதிமொழி இருந்தது. அதனை மெய்யான நோட்டென்று மாற்ற முயன்றவர்களும் உளர். விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. இஃது எனக்கு உவப்பான உத்தியன்று. எழுத்துக் கூட்டிப் படிக்கவும் இயலாத ஏழை ஒருவர் அத்தாளை நம்பி ஏமாந்திருப்பின், அந்தச் சிரிப்பில் நாம் பங்குகொள்ள இயலாது.

1881ஆம் ஆண்டு நத்தாருக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பெரும் பாற்கட்டியை வரவழைத்தார். 800 பசுக்களின் பால், 200 பாற்காரிகளின் உழைப்பு என்று சுவரொட்டிகள் முழங்கின. கப்பற்றுறையிலிருந்து கடைவரை மக்கள் திரண்டு அதன் பின்னே நடந்தனர். நத்தார்ப் பலகாரத்தினுள் நாணயம் வைக்கும் வழக்கத்தை நினைந்து, பொற்காசுகளை அப்பாற்கட்டியினுள் நிறையச் செருகினார். இரண்டே மணி நேரத்தில் ஒரு துண்டும் மிஞ்சவில்லை. மற்றோராண்டு ஓர் ஊரிலே, காசு தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்று பொலிசார் தடுத்தபோது, ‘காசு இருக்கிறது, கவனமாக உண்ணுங்கள்’ என்று பத்திரிகையில் எச்சரிக்கை வெளியிட்டார். அவ்வெச்சரிக்கையைப் போன்ற விளம்பரம் முன்னும் இல்லை. தடையையே துணையாக்கும் இந்தச் சாதுரியத்தை நான் மெச்சுகிறேன்.

1889இல் தேயிலைக்கு வந்தார். அந்நாளில் நல்ல தேயிலை ஓர் இறாத்தல் மூன்று சிலிங் அளவுக்கு விற்றது. கடைக்காரர் பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுப்பார். லிப்டன் ஒரு சிலிங் ஏழு பென்சுக்கு விற்றார். ஓர் இறாத்தல், அரை, கால் என்று பொதியிற் கட்டி, தம் பெயரை அதன்மேற் பொறித்தார். நிறையிற் குறைவில்லை, கலப்பில்லை என்பதற்கு அப்பெயரே பிணை. ஊருக்கு ஊர் தண்ணீர் வேறுபடும் என்பதை அறிந்து, அவ்வவ்வூர்த் தண்ணீருக்கு இசையத் தேயிலையைக் கலந்து, ‘உங்கள் ஊர்த் தண்ணீருக்கென்றே ஆன தேயிலை’ என்று விற்றார். பன்றி ஊர்வலத்தினும் இதனையே நான் அவருடைய தலைசிறந்த விளம்பரம் என்பேன்; ஏனெனில் இது வாங்குபவரைப் பற்றி உண்மையாகவே எண்ணிப் பார்த்துச் செய்தது.

1890இல், அவுஸ்திரேலியாவுக்குப் போவதாகச் சொல்லிப் புறப்பட்டவர் வழியிற் கொழும்பில் இறங்கினார். 1869 முதல் இலைநோயினாற் கோப்பிப் பயிர் அழிந்து, தோட்டங்கள் மலிந்து கிடந்த நாடு இது. அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேதன்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். அதன்பின் அவருடைய பொதிகளும் சுவரொட்டிகளும் உலகுக்குச் சொன்ன செய்தி ஒன்றே: தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க்குவளைக்கு. இடையில் எவரும் இல்லை என்பது கருத்து. அவர் விற்ற தேயிலையிற் சிறுபங்கே அவருடைய சொந்தத் தோட்டங்களில் விளைந்தது. எஞ்சியதெல்லாம் ஏலத்தில் வாங்கியது. ஆயினும் வாசகம் நிலைத்துவிட்டது. கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணின் படமும் அதனோடு சேர்ந்து நிலைத்தது.

பிற்காலத்தில் அவர் தேடிய உறவுகள் உயர்ந்த இடத்தன. 1897இல் விக்டோரியா மகாராணியாரின் வைரவிழாவையொட்டி, இலண்டன் ஏழைகளுக்கு விருந்தளிக்க இளவரசி அலெக்ஸாந்திரா தொடங்கிய நிதிக்கு 25,000 பவுண் கொடுத்தார். மறு ஆண்டு ‘சேர்’ பட்டம் கிடைத்தது. அமெரிக்கக் கிண்ணப் பாய்க்கப்பற் போட்டியில் 1899 முதல் 1930 வரை ஐந்து முறை போட்டியிட்டு ஐந்து முறையும் தோற்றார். தோற்றும் சிரித்த அவருக்கு அமெரிக்கர் தாமே பணஞ்சேர்த்துப் பொற்கிண்ணம் ஒன்று பரிசளித்தனர். தேயிலையும் அங்கே நன்கு விற்பனையாயிற்று. ஆனால் 1914இல், படைவீரர் உணவுச்சாலை ஒப்பந்தங்களுக்காக அதிகாரிகளுக்குக் கையூட்டுக் கொடுத்ததாக அவருடைய கொம்பனியின் அலுவலர் சிலர் இலண்டனிற் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். அவர்மேல் வழக்கில்லை. எனினும் உறவு எவ்விடத்தில் கையூட்டாக மாறுகிறது என்பதை வணிகம் செய்வோர் அறிய அவ்வழக்கு உதவும். 1931இற் காலமானார். செல்வத்திற் பெரும்பங்கைத் தாம் பிறந்த நகரத்து ஏழைகளுக்கு விட்டுச் சென்றார்.

இவ்வளவும் படித்தபின் என் மனம் அந்தப் படத்துக்கே திரும்பிற்று. கிளாஸ்கோவில் வாங்குபவரைப் பெயர் சொல்லி அழைத்தவர், தம் பொதியின்மேல் அச்சிட்ட பெண்ணை எப்பெயரால் அழைத்தார்? தம் கடையிற் கடனே கூடாதென்றார். அக்காலத் தோட்டங்களிலோ தொழிலாளர் கங்காணியின் முற்பணத்திலேயே வாழ்க்கையைத் தொடங்கினர். ‘துண்டு’ என்னும் தாளில் அவர் கடன் எழுதப்பட்டிருக்கும். அதனைத் தீர்க்கும் புதுத்தோட்டத்துக்கு அன்றி அவர் வேறெங்கும் செல்ல இயலாது. அம்முறை ஒழிந்தது 1921இல். தோட்டத்துத் தமிழிற் ‘பேர்’ என்றால் ஒருநாட் கூலிக்குப் பதிவேட்டில் இடும் பதிவு. நிறை குறைந்தால் ‘அரைப் பேர்’. பெயர்ச்சொல்லுக்கு இலக்கணஞ் சொல்லும் நான் இப்பொருளை என் மாணவரிடமே அறிந்தேன். அந்தப் பேரோடு உழைத்தவர்களிற் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகினர் என்பதை இங்கு விரிக்கவேண்டியதில்லை, வாசகர் அறிவர்.

பங்குனியில் மாணவரின் அழைப்பை ஏற்று மலைநாடு சென்றேன். அதிகாலையில் தம்பேதன்னைக்கு மேலே, லிப்டன் வந்திருந்து பார்ப்பார் என்று சொல்லப்படும் மலைமுகட்டுக்கு என்னை அழைத்துச் சென்றார். அங்கே அவர் கல்லிருக்கையில் அமர்ந்திருப்பது போன்ற சிலையொன்றை வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டார் அதன் அருகிலிருந்து படம் எடுத்துக்கொண்டனர். சற்று நேரத்தில் மூடுபனி ஏறி மலையையெல்லாம் மறைத்துவிட்டது. இறங்கும் வழியிற் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தனர். பனிக்குள்ளே அவர்கள் பேச்சு மட்டும் கேட்டது.

இறங்கி வரும்போது மாணவர் வேறொரு வணிகரைப் பற்றிச் சொன்னார். மெரில் ஜே. பெர்னாண்டோ என்பவர் இந்நாட்டுத் தேயிலையை இந்நாட்டிலேயே பொதிசெய்து, தம் மைந்தர் இருவர் பெயரையும் இணைத்து ‘டில்மா’ என்று பெயரிட்டு, 1980களில் அவுஸ்திரேலியச் சந்தைக்குக் கொண்டுசென்றவர். விளம்பரங்களிற் கூலிக்கு நடிப்பவரை நிறுத்தாமல் தாமே தோன்றி, ‘குடித்துப் பாருங்கள்’ என்று கேட்டார். 2023இற் காலமானார். மூலப்பொருளாய்க் கப்பலேறிப் பிறர் பெயரில் விற்கப்பட்ட தேயிலைக்கு, விளைந்த மண்ணிலேயே பெயரிட்டமை பெரிய செயல். “அவர் பிள்ளைகளின் பேரை வைத்தார், ஐயா” என்று சொல்லி மாணவர் ஏதோ யோசனையில் ஆழ்ந்தார்.

வீட்டில் அவருடைய தாயார் எங்களுக்குத் தேநீர் தந்தார். முப்பத்தாறு ஆண்டு கொழுந்து பறித்தவர். விரல்நுனிகளிற் கறை இன்னும் போகவில்லை. மாணவர் அச்சகத்துப் படத்தை அவரிடம் காட்டினார். அம்மையார் அதனை வெளிச்சத்திற் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“படங்கு எங்கப்பா? படங்கு கட்டாம இந்தச் சேலையோட செடிக்குள்ள நொழஞ்சா அந்திக்குக் கந்தலாத்தான் வருவா. கூடைக்குக் கயிறும் இல்ல. எப்படி நிக்குது?”

மகன் சிரித்தார். அம்மையார் சிரிக்கவில்லை.

“எந்தத் தோட்டத்துப் புள்ள இது?” என்று கேட்டார்.

வெறும் படந்தான் அம்மா என்று மகன் சொன்னதற்கு அவர் மறுமொழி கூறவில்லை. படத்தை மேசைமேல் வைத்துவிட்டு என் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஊர் திரும்பி இரண்டு வரி எழுதி அனுப்பினேன். சித்திரை முடிவில் அஞ்சலில் ஒரு பொதி வந்தது. படம் இல்லை. இலை பறித்த தோட்டம், பறித்த மாதம், நிறை, விலை ஆகியன தெளிவாக அச்சிடப்பட்டிருந்தன. என் வரிகளில் ஒன்றை மாணவர் நீக்கியிருந்தார். ‘அமுதம்’ என்ற சொல் வந்த வரி அது. மேலே, கடையின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அந்த அம்மையாரின் பேர் இருந்தது. முழுப் பேர்.

மேலும் இரண்டு பொதி வேண்டுமென்று எழுதி, பணத்தையும் முன்கூட்டியே அனுப்பியிருக்கிறேன்.