ஆணின் பாக்கெட்டில் பெண்ணின் மருந்து

பிரிட்டனில் மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு டெஸ்டோஸ்டிரோன் எழுதித்தரும் மருத்துவர், பல ஆண்டுகளாக மருந்துச்சீட்டோடு ஒரு செய்முறையையும் சேர்த்துச் சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது. கடையில் கிடைத்த ஜெல் ஆணுக்கானது. ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் என்று 40 அல்லது 50 மில்லிகிராம் அடைத்திருப்பார்கள். பெண்ணுக்கு வேண்டியதோ ஏறக்குறைய 5 மில்லிகிராம்தான். ஆகவே பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்து, பட்டாணி அளவு பிதுக்கி, தொடையிலோ அடிவயிற்றிலோ தடவிக்கொண்டு, பிரித்த வாயை மடித்துக் கிளிப் போட்டு, அதே பாக்கெட்டை எட்டுப் பத்து நாள் ஓட்ட வேண்டியிருந்தது. பட்டாணியில் பெரிதும் உண்டு, சிறிதும் உண்டு. தலைவலி மாத்திரையைக்கூட மில்லிகிராம் பார்த்து விழுங்கும் காலத்தில், ஒரு ஹார்மோன் இப்படிக் கண்ணளவில் போய்க்கொண்டிருந்தது.

இந்த மருந்து பெண்ணுக்கு எதற்கு என்பதில் பெரிய குழப்பம் இல்லை. 2019-இல் பல நாட்டு மருத்துவ அமைப்புகள் ஒன்றுகூடி வெளியிட்ட கருத்தறிக்கை ஒரே ஒரு காரணத்தைத்தான் ஏற்றது: மாதவிடாய் நின்ற பிறகு பாலியல் நாட்டம் குன்றி, அதனால் அந்தப் பெண் மனம் வருந்தும் நிலை. எலும்பு, நினைவாற்றல், களைப்பு, மனச்சோர்வு ஆகியவற்றுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அது சொல்லிவிட்டது. அதே ஆண்டு 36 சோதனைகளை, எட்டாயிரத்துக்கும் அதிகமான பெண்களின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வில், திருப்தியான உறவு சராசரியாக மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்று கூடியது. இவ்வளவுதானா என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் அந்த ஆய்வு உறவை மட்டும் எண்ணவில்லை. நாட்டமும் கிளர்ச்சியும் கூடின, மன வருத்தம் குறைந்தது. ஆசை போய்விட்டதே என்று தவிப்பவருக்கு அந்த வருத்தம் குறைவதே முக்கியம். அதை வெறும் எண்ணிக்கையில் அடைப்பது, நோயாளி கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதாகும்.

பலன் இருந்தும் பெண்ணுக்கென்று மருந்து ஏன் கடைக்கு வரவில்லை? ஒரு நாளைக்கு 300 மைக்ரோகிராம் தரும் ஒட்டுப்பட்டை ஒன்று வரத்தான் செய்தது. 2004-இல் அமெரிக்க வல்லுநர் குழு, நீண்டகாலப் பாதுகாப்புக்குச் சான்று போதாது என்று அதைத் திருப்பி அனுப்பியது. மாதவிடாய்க்குப் பிந்தைய ஹார்மோன் சிகிச்சை பற்றி 2002-இல் கிளம்பிய பீதி அப்போது அடங்கியிருக்கவில்லை. ஐரோப்பா 2006-இல் அனுமதித்தது. 2012-இல் அங்கும் சந்தையிலிருந்து போய்விட்டது. எச்சரிக்கை நியாயமானதே. பெரும்பாலான சோதனைகள் இரண்டு ஆண்டுகளைத் தாண்டவில்லை, இதய நோய் அபாயம் உள்ளவர்களைச் சேர்க்கவுமில்லை. ஆனால் மறுப்பால் பயன்பாடு நிற்கவில்லை. அளவு குறித்த பட்டை போய், அளவில்லாத பாக்கெட் வந்ததுதான் மிச்சம். பாதுகாப்பின் பெயரால் எடுத்த முடிவு பாதுகாப்பைக் குறைத்தது என்பதை யாரும் உரக்கச் சொல்வதில்லை.

எனக்குப் பெரிய கவலை குரலைப் பற்றியது. அளவு மிஞ்சினால் முகப்பரு வரும், தடவிய இடத்தில் ரோமம் தடிக்கும்; மருந்தைக் குறைத்தால் இவை பெரும்பாலும் தணியும். குரல் கட்டையாகிவிட்டால் அது பழையபடி திரும்பாமலே போகலாம். பாடுபவர், வகுப்பெடுப்பவர், நாள் முழுக்கத் தொலைபேசியில் பேசிப் பிழைப்பவர் என்று குரலை நம்பியிருக்கும் பெண்கள் எத்தனை பேர்! இதில் மோசமானது, தோலுக்கடியில் வைக்கும் குளிகை. சில தனியார் மருத்துவமனைகள் இளமை, சுறுசுறுப்பு என்று சொல்லி விற்கின்றன. மூன்று முதல் ஆறு மாதம் வரை அது உள்ளே கரைந்துகொண்டே இருக்கும். இரத்தத்தில் பெண் உடலின் இயல்பான அளவைத் தாண்டவும் செய்யும். ஜெல் என்றால் நாளைக்கே நிறுத்தலாம். குளிகையை நினைத்த நேரத்தில் எடுத்துவிட முடியாது. 2019 அறிக்கையும் இதைப் பரிந்துரைக்கவில்லை.

இரத்தப் பரிசோதனை செய்து பார்த்துக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். ஆணுக்கு டெசிலிட்டருக்கு 300 முதல் 1000 நானோகிராம் வரை இருக்கும்; பெண்ணுக்கு 15 முதல் 70 வரை. ஆய்வகங்களில் வழக்கமாகச் செய்யும் சோதனை இவ்வளவு சிறிய எண்ணில் தடுமாறும். மூட்டை நிறுக்கும் தராசில் மூக்குத்தியை வைத்த கதைதான். துல்லியமாக அளக்க நிறை நிறமாலைக் கருவி வேண்டும், அது எல்லா இடத்திலும் கிடையாது. அதோடு, எண் குறைவாக இருப்பதால் நாட்டமும் குறைவு என்று நோயை உறுதிசெய்யவும் முடியாது. மருந்து எல்லை மீறுகிறதா என்று பார்க்கத்தான் இந்தச் சோதனை உதவும். அந்த வேலையையும் அது அரைகுறையாகவே செய்கிறது.

இந்த மருந்தால் களைப்பு ஓடியது, மூளை தெளிந்தது என்று சொல்லும் பெண்கள் பொய் சொல்லவில்லைதான். ஆனால் போலி மருந்து பெற்றவர்களும் மருந்துச் சோதனைகளில் கணிசமான முன்னேற்றத்தைச் சொன்னார்கள்.

ஆஸ்திரேலியா 2020-இல் பெண்ணுக்கென்றே ஒரு சதவீத கிரீமை அனுமதித்தது. கூடவே கோடு போட்ட அளவுகுழல் வருகிறது. அரை மில்லி எடுத்தால் 5 மில்லிகிராம், பட்டாணிக்கு வேலையில்லை. எஞ்சியிருப்பது நீண்டகாலச் சோதனை. டெஸ்டோஸ்டிரோன் 1935-இல் பிரித்தெடுக்கப்பட்ட பழைய மூலக்கூறு, அதற்குக் காப்புரிமை கிடையாது. லாபம் தெரியாத இடத்தில் எந்த நிறுவனமும் மார்பகத்தையும் இதயத்தையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடரப் பணம் போடாது. அந்தச் செலவை அரசுகள்தான் ஏற்க வேண்டும்.