கடுவன் நாய்க்குள் ஒரு கருப்பை

ஆயர் ஈத்தாம் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "எங்கள் பொமரேனியன் குட்டிக்கு ஐந்து மாதம். விதை ஒன்றுதான் தென்படுகிறது. 'வளர வளர இறங்கிவிடும்' என்கிறார் விற்றவர். நம்பலாமா?"

பெரிதாக நம்ப வேண்டாம். கருவில் சிறுநீரகத்துக்கு அருகே உருவாகும் விதைகள் கவட்டு வழியாக இறங்கி, எட்டு வாரத்துக்குள் பைக்கு வந்துவிட வேண்டும். மருத்துவர்கள் தரும் கடைசித் தவணை ஆறு மாதம். உள்ளேயே தங்கிய விதை உடற்சூட்டில் விந்து தராது. ஆனால் ஹார்மோன் சுரக்கும். அதில் புற்றுக்கட்டி வரும் வாய்ப்பு பத்து மடங்குக்கும் மேல். சில கட்டிகள் பெண் ஹார்மோனைச் சுரக்கும். அப்போது முலை பெருக்கும், விலாவில் முடி கொட்டும், மற்ற ஆண் நாய்கள் இதன் பின்னால் சுற்றும்.

இதைவிட விசித்திரம் ஒன்று மினியேச்சர் ஷ்னவுசர் இனத்தில் உண்டு. வெளியே முழு ஆண், வயிற்றுக்குள் கருப்பை! எல்லாக் கருவிலும் தொடக்கத்தில் ஆண், பெண் இரண்டுக்குமான குழாய்கள் இருக்கும். ஆண் கருவில் விதை ஒரு ஹார்மோனை அனுப்பிப் பெண் குழாயைக் கரைத்துவிடும். இந்த நாய்களில் ஹார்மோன் சரியாகவே சுரக்கிறது. அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிதான் பழுது. எங்கள் தெருக் கோயிலில் கும்பாபிஷேகம் முடிந்தும் சாரம் நின்றது. பிரிக்கச் சொல்லிப் போன் போட்டோம், குத்தகைக்காரரின் போன்தான் வேலை செய்யவில்லை. அதே கதை. பழுதான மரபணுவை 2009-ல் அடையாளம் காட்டியது கார்னெல் பல்கலைக்கழகத்தின் விக்கி மையர்ஸ்-வாலன் குழு. இப்படிப்பட்ட ஆண்களில் ஏறக்குறைய பாதிக்கு விதையும் இறங்குவதில்லை. சிலவற்றுக்குக் கருப்பையில் சீழ் கட்டி உயிருக்கே ஆபத்தாகும்.

மீதிப் பாதிதான் எனக்குக் கவலை. அவை பார்வைக்குக் குறையற்றவை, குட்டியும் தரும். தாய் நாயோ எந்த அறிகுறியும் இல்லாமல் பழுதைச் சுமக்கும். சோதனை செய்யாமல் ஜோடி சேர்ப்பவர், குட்டியோடு சேர்த்து நோயையும் விற்கிறார். 2015-ல் வெறிநாய்க்கடி பரவியபோது பினாங்கில் தெருநாய்களைக் கொல்ல உத்தரவு வந்தது. தெருநாய் மீது காட்டிய அந்தக் கண்டிப்பில் பாதியாவது கூண்டில் அடைத்துக் குட்டி போடவைத்து விற்பவர்கள் மீது காட்டியிருக்கலாம்.

வாசகருக்கு என் பதில்: ஆறு மாதம் ஆனதும் கிளினிக்குக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுங்கள். ஒளிந்திருப்பதையும் சேர்த்து இரண்டு விதைகளையும் எடுக்கச் சொல்லுங்கள். வெளியே தெரிவதை மட்டும் எடுத்தால் ஆபத்து உள்ளேயே இருக்கும். எவ்வளவு அழகாக வளர்ந்தாலும் அந்த நாயை இனப்பெருக்கத்துக்குக் கொடுக்காதீர்கள். இனி குட்டி வாங்குவோர், காசை எண்ணிக் கொடுக்குமுன் விதையை எண்ணிப் பாருங்கள்.