கிராம சபையில் பேசினால் மட்டும் போதுமா? நோட்டில் ஏறினால்தான் அது பேச்சு!

கும்மிடிப்பூண்டி,-

மூர்மார்க்கெட்டில் இருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் சாயங்கால மின்சார ரெயிலில் ஏறி உட்கார்ந்தால், பொன்னேரி வருவதற்குள் ஊர்க்குறை எல்லாம் காதில் விழுந்துவிடும்.

"எங்க தெரு போர்ல தண்ணி மஞ்சளா வருதுப்பா."

"ராத்திரி ஆனா புகை. ஜன்னலைத் திறக்க முடியலை."

"தெரு லைட்டு எரிஞ்சு ஆறு மாசம் ஆச்சு. யாருகிட்ட போய்ச் சொல்றது?"

யாரிடம் சொல்வது என்று கேட்பவருக்குச் சட்டமே ஒரு இடம் போட்டு வைத்திருக்கிறது. நாற்காலி உண்டு. மைக் உண்டு. அதிகாரி எதிரே உட்கார்ந்திருப்பார். வருடத்தில் 6 நாள் அந்தக் கதவு திறக்கிறது. ஆனால், போகிறவர்கள் கொஞ்சம். போகிறவர்களிலும் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துத் திரும்பிவிடுகிறார்கள்.

அந்த இடத்துக்குப் பெயர் கிராம சபை. இது பற்றிய விவரம் வருமாறு:-

யார் பேசலாம்?

1993-ம் ஆண்டு ஏப்ரல் 24-ந் தேதி அமலுக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம் கிராம சபைக்கு உயிர் கொடுத்தது. மறு ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. அதன் 3-வது பிரிவு கிராம சபையைப் பற்றியது.

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். அவரை யாரும் தேர்ந்தெடுக்க வேண்டாம். யாரும் நியமிக்கவும் வேண்டாம்.

"வீட்டு வரி கட்டினவங்கதான் பேசலாம்" என்று சில ஊர்களில் சொல்லுவார்கள். அது தப்பு. "வாடகைக்குக் குடி இருக்கிறவன் வாயைத் திறக்கக் கூடாது" என்பார்கள். அதுவும் தப்பு. சொந்த வீடோ, வாடகை வீடோ, ஓட்டு அந்த ஊரில் இருந்தால் பேசலாம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி இருக்கும் சிறுபுழல்பேட்டை, பெத்திக்குப்பம், பாப்பன்குப்பம், புதுகும்மிடிப்பூண்டி பகுதிகளில் இது முக்கியமான விஷயம். பிழைக்க வந்து பத்து வருடமாக இங்கேயே குடி இருப்பார். பிள்ளைகளும் இங்கேதான் படிக்கும். ஓட்டு மட்டும் சொந்த ஊரில் கிடக்கும். அவர் 8-ம் நம்பர் படிவம் கொடுத்து ஓட்டை இங்கே மாற்றிக்கொண்டால், கிராம சபையில் தலைவருக்கு என்ன உரிமையோ அதே உரிமை அவருக்கும் உண்டு.

ஷிப்டு சாக்கு செல்லாது

கூட்டம் நடக்கும் நாட்கள்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2. இந்த நான்கோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய இரண்டு நாட்களையும் 2022-ம் ஆண்டு தமிழக அரசு சேர்த்தது. சில நேரம் தேதி தள்ளிப் போவதும் உண்டு.

முதலில் சொன்ன 4 நாட்களும், 1958-ம் ஆண்டு விடுமுறைச் சட்டப்படி தொழிற்சாலைகளுக்குச் சம்பளத்தோடு விடுமுறை. எனவே அந்த நாட்களில் பெரும்பாலோர் "எனக்கு ஷிப்டு இருக்குதுண்ணே" என்று சாக்குச் சொல்ல முடியாது.

கூட்டத்துக்கு 7 நாள் முன்னதாக அறிவிப்பு கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் தண்டோரா போடுவார்கள். பறை அடிப்பவரைத் தெருத் தெருவாக நடக்க விடும் அந்த வழக்கத்தை நிறுத்தும்படி 2022-ம் ஆண்டு அரசு உத்தரவிட்டது. இப்போது நோட்டீசு, ஆட்டோ ஒலிபெருக்கி, செல்போன் என்று ஆகிவிட்டது. கோவில், சர்ச், மசூதி போன்ற மதச் சார்புள்ள இடத்தில் கூட்டம் நடத்தக் கூடாது என்றும் அரசு சொல்லி இருக்கிறது. எல்லாச் சாதியாரும், எல்லா மதத்தாரும் தயக்கம் இல்லாமல் வந்து உட்கார வேண்டும் என்பதுதான் காரணம்.

50 பேரில் இருந்து 300 பேர் வரை

நாலு பேர் கூடிப் பேசிவிட்டு "கிராம சபை நடந்து முடிந்தது" என்று எழுத முடியாது. கோரம் வேண்டும்.

ஊர் ஜனத்தொகை 500 வரை என்றால் 50 பேர். 501 முதல் 3 ஆயிரம் வரை 100 பேர். 3,001 முதல் 10 ஆயிரம் வரை 200 பேர். அதற்கு மேல் 300 பேர். இதுதான் கணக்கு.

வில்லங்கம் தொடங்குவதும் இங்கேதான். கோரம் சேராத ஊரில், கூட்டம் முடிந்த பிறகு நோட்டு வீடு வீடாகப் போகும். "ஒண்ணும் இல்லம்மா, வந்ததுக்கு ஒரு கையெழுத்து போடுங்க" என்பார்கள். அந்தம்மாவும் போட்டுவிடும். மேலே என்ன எழுதி இருக்கிறது, இனிமேல் என்ன எழுதப் போகிறார்கள் என்பது அந்தம்மாவுக்குத் தெரியாது.

ஊராட்சியின் வரவு செலவும், திட்டங்களும், தணிக்கை அறிக்கையும் கிராம சபையின் முன்னால் வைக்கப்பட வேண்டியவை. பயனாளிகள் பட்டியலும் அங்கேதான் ஒப்புதலுக்கு வரும். வீடு கிடைக்காத ஏழை, தன் பெயரை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதிய பட்டியலுக்குத் தானே கையெழுத்துப் போட்டவராக ஆகிவிடலாம்!

"பாத்துக்கலாம்மா"

பேசுகிறவர்களும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து நிற்கும். "அய்யா, கால்வாய் அடைச்சுக்கிட்டு, சாக்கடை வாசல் வரைக்கும் வருதுங்க" என்று பத்து நிமிடம் படபடவென்று பேசும். கூட்டமே கை தட்டும்.

"சொல்லிட்டீங்க இல்ல, பாத்துக்கலாம்மா, உக்காருங்க" என்பார் மேசைக்குப் பின்னால் இருப்பவர்.

அவ்வளவுதான். பேச்சு காற்றோடு போயிற்று. மூன்று மாதம் கழித்து யூனியன் ஆபீசுக்குப் போய்க் கேட்டால், "அப்படி ஒரு தீர்மானமே இல்லையே" என்ற பதில்தான் கிடைக்கும். அவர் சொல்வது பொய்யும் அல்ல. நோட்டில் இல்லாதது சர்க்கார் கண்ணில் நடக்காதது.

விவரம் தெரிந்தவர்கள் வேறு மாதிரி செய்கிறார்கள். கூட்டத்துக்குச் சில நாள் முன்பே குறையை ஒரு தாளில் எழுதுவார்கள். எந்தத் தெரு, என்ன குறை, என்ன செய்ய வேண்டும் என்று நாலே வரி. "கூட்டப் பொருளில் சேர்க்கவும்" என்று போட்டு, ஊராட்சி ஆபீசில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள்.

கூட்டத்தில் சுருக்கமாகப் பேசுவார்கள். கடைசியில், "கிளார்க் சார், இதைத் தீர்மானமா எழுதி, எழுதினதைப் படிச்சுக் காட்டுங்க" என்பார்கள். படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. வெற்றுத்தாளில் கையெழுத்து கிடையாது.

பிறகு, 2005-ம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டி, தீர்மான நகல் கேட்டு மனு போடுவார்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். நகல் கைக்கு வந்துவிட்டால், திங்கட்கிழமை மனு நாளில் திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்குப் போகும்போது வெறும் கையோடு போக வேண்டாம். கலெக்டர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர்.

தலைவரைக் காப்பாற்றிய சபை

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்கள், இதே மாவட்டத்தில் பூந்தமல்லி யூனியனைச் சேர்ந்த குத்தம்பாக்கத்தின் கதையைக் கேட்க வேண்டும்.

1996-ம் ஆண்டு அங்கே தலைவராக வந்தவர் இளங்கோ. கெமிக்கல் என்ஜினீயர். வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியவர். கால்வாய் கட்ட, கிரானைட் பட்டறைகளில் கழித்துப் போட்ட கல்லை எடுத்துப் பயன்படுத்தினார். செலவு மிச்சம் ஆயிற்று. ஆனால், "எஸ்டிமேட்டில் உள்ளபடி வேலை நடக்கவில்லை" என்று அவரைச் சஸ்பெண்டு செய்துவிட்டார்கள்.

அவர் கிராம சபைக்குப் போனார். ஊர் திரண்டது. "எங்கள் தலைவர் செய்தது சரி" என்று ஜனங்கள் எழுந்து சொன்னார்கள். சஸ்பெண்டு உத்தரவு விலக்கப்பட்டது. 2001-ம் ஆண்டு தேர்தலிலும் அவரே தலைவர் ஆனார்.

கொடிக்கே தடை

எல்லா ஊரிலும் கதை இப்படி முடிவதில்லை. கும்மிடிப்பூண்டி யூனியனிலேயே ஆத்துப்பாக்கம் இருக்கிறது. 2019-ம் ஆண்டு டிசம்பர் தேர்தலில் வென்று தலைவர் ஆனவர் அமிர்தம். தலித் பெண்மணி. 2020-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி அவர் தேசியக் கொடி ஏற்ற முடியாமல் தடுக்கப்பட்டார்.

செய்தி வெளியே வந்ததும் பெரும் பரபரப்பு ஏற்பட்டது. போலீசார் வழக்குப் பதிவு செய்தனர். ஆகஸ்டு 20-ந் தேதி அப்போதைய கலெக்டர் மகேஸ்வரி ரவிக்குமார் நேரில் வந்தார். அவர் முன்னிலையில் அமிர்தம் கொடி ஏற்றினார்.

கூட்டத்துக்குத் தலைமை தாங்க வேண்டியவருக்கே இந்தக் கதி என்றால், காலனியில் இருந்து வரும் ஒரு சாதாரணப் பெண் சபையில் எழுந்து நிற்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்? சட்டம் நாற்காலி போட்டுவிட்டது. அதில் உட்கார விடாத கைகள் இன்னும் இருக்கின்றன. தனியாகப் போகாமல் தெருவோடு சேர்ந்து போவது நல்லது என்று சொல்வது இதனால்தான்.

தீர்மானம் மந்திரக்கோல் அல்ல

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. தீர்மானம் போட்டுவிட்டால் சர்க்கார் அடங்கிவிடும் என்பது இல்லை.

கும்மிடிப்பூண்டி பக்கம் தேர்வாய்கண்டிகையில் சுமார் 1,127 ஏக்கரில் சிப்காட் வந்தது. ஆடு மாடு மேய்த்த பொது நிலம் அது. ஊர் ஜனங்கள் கிராம சபையில் எதிர்ப்புத் தீர்மானம் போட்டார்கள். போராட்டம் நடத்தினார்கள். கோர்ட்டுக்கும் போனார்கள். ஆனாலும் தொழிற்பேட்டை வந்தது. பிரான்சு நாட்டு மிச்சலின் டயர் கம்பெனியும் ஆலை கட்டியது.

அதோடு விஷயம் முடியவில்லை. 2012-ம் ஆண்டு ஊர்ச் சங்கமும், பிரெஞ்சுத் தொழிற்சங்கமும், வேறு அமைப்புகளும் சேர்ந்து பிரான்சு அரசின் அமைப்பு ஒன்றிடம் புகார் கொடுத்தன. ஒரு சின்ன ஊரின் வழக்கு கடல் தாண்டிப் போயிற்று. நிலம் திரும்பவில்லை. ஆனால், "ஊர் சம்மதித்தது" என்று யாரும் எழுத முடியவில்லை.

டவுனில் கிராம சபை இல்லை

கும்மிடிப்பூண்டி டவுனில் கடை வைத்திருப்பவரும், திருவள்ளூர் நகராட்சிக்குள் குடி இருப்பவரும் "நாங்க எங்கே பேசறது?" என்று கேட்கலாம்.

பேரூராட்சி, நகராட்சி எல்லைக்குள் கிராம சபை கிடையாது. மன்றக் கூட்டத்தில் பேசுவது கவுன்சிலர்கள்தான். பொது மக்கள் பார்வையாளராக உட்கார்ந்து கேட்கலாம். வாய் திறக்க முடியாது. குறையைக் கவுன்சிலரிடம் எழுதிக் கொடுத்து, அவர் வாயால்தான் சபைக்குள் கொண்டுபோக வேண்டும்.

இந்தக் குறையைப் போக்க, 2022-ம் ஆண்டு வார்டு கமிட்டிக்கும் பகுதி சபைக்கும் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1-ந் தேதி பல ஊர்களில் பகுதி சபைகள் கூடின. தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த பம்மலில் நடந்த கூட்டத்தில் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலினே கலந்துகொண்டார். பகுதி சபையில் வாக்காளர் நேரடியாகப் பேசலாம். உங்கள் வார்டில் கடைசியாக அது எப்போது கூடியது என்று கவுன்சிலரைக் கேட்பதே நல்ல ஆரம்பம்.

2025-ம் ஆண்டுத் தொடக்கத்தில் பல ஊராட்சிகளை நகராட்சிகளோடு சேர்க்க அரசு உத்தரவு போட்டபோது, தமிழ்நாட்டில் பல கிராமங்கள் கொதித்து எழுந்தன. வரி கூடும் என்ற பயம் ஒரு பக்கம். கிராம சபை போய்விடும் என்ற கவலை இன்னொரு பக்கம்.

ஆலை வருவதற்கு முன்

ஓட்டு இல்லாதவரும் பேசக்கூடிய இடம் ஒன்று உண்டு. அதுதான் பெரிய ஆலைகளும் துறைமுகங்களும் வருவதற்கு முன் நடக்கும் பொது மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்.

2006-ம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கைப்படி மாசு கட்டுப்பாட்டு வாரியம் இதை நடத்துகிறது. கலெக்டர் அல்லது அவருக்கு அடுத்த நிலை அதிகாரி தலைமை. 30 நாள் முன் அறிவிப்பு வேண்டும். இதற்குக் கோரம் கிடையாது. பேசியதை எழுதி, கூட்ட முடிவில் உள்ளூர் மொழியில் படித்துக் காட்ட வேண்டும். படம் பிடிக்கவும் வேண்டும். ஆனால், முன்கூட்டியே அனுமதி பெற்ற தொழிற்பேட்டைக்குள் வரும் ஆலைகளுக்கு இதில் விலக்கு உண்டு.

இதே மாவட்டத்தில் காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கத்துக்கு 2021-ம் ஆண்டு ஜனவரியிலும், 2023-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதியும் கூட்டம் அறிவித்தார்கள். எதிர்ப்பு பலமாக இருந்தது. இரண்டு முறையும் கூட்டம் தள்ளி வைக்கப்பட்டது.

தலைவர் இல்லாவிட்டாலும்...

2019-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025-ம் ஆண்டு ஜனவரி 5-ந் தேதி முடிந்தது. திருவள்ளூர் மாவட்ட ஊராட்சிகள் தனி அதிகாரிகள் கைக்குப் போயின. "தலைவரே இல்லை, அப்புறம் எங்கே கிராம சபை?" என்று அப்போது பலர் கேட்டார்கள். ஆனால், அதே ஜனவரி 26-ந் தேதி கிராம சபை கூடியது.

தலைவர் வருவார், போவார். அதிகாரி மாறுவார். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவரை கிராம சபையில் இருந்து யாரும் நீக்க முடியாது.

அடுத்த கூட்டத்துக்குப் போகிறவர்கள் சட்டைப் பையில் இரண்டு சாமான் எடுத்துப் போனால் போதும். ஒன்று, குறையை எழுதிய தாள். இன்னொன்று, பேனா. அந்தப் பேனாவை, நோட்டைப் படித்துப் பார்த்த பிறகு எடுத்தால் நல்லது.