இன்ஹேலர் மருந்து அஞ்சத்தக்கதா?

எண்ணூர், திருவொற்றியூர் பகுதிகளிலும் அவற்றையொட்டிய அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி முதலிய ஊர்களிலும் நிலக்கரித் தூசும் அனல் மின் நிலையச் சாம்பலும் மக்களை வருத்துவது யாவரும் அறிந்ததே. 2023 டிசம்பர் 26 இரவு, பெரியகுப்பத்தருகே உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மூச்சுத் திணறலால் பலர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இத்தகைய காற்றிடையே வாழும் ஆஸ்துமா நோயாளரும், நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுடையோரும் மருந்தை நிறுத்துதல் பெருந்தீங்காகும். ஆயினும், "இன்ஹேலர் பழகிவிடும், இருதயத்தைக் கெடுக்கும்" என அஞ்சி நிறுத்துவோர் உளர்.

அளவைக் கொண்டே ஆராய்வோம். சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்துண்டு. இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வெளிப்படுவது 100 மைக்ரோகிராம்; அதாவது மாத்திரையில் நாற்பதில் ஒரு பங்கு! வயலெங்கும் வீசும் உரத்திற்கும் வேரடியில் இடும் உரத்திற்கும் உள்ள வேற்றுமையே இது. இம்மருந்து போதையாகப் பழகுவதுமன்று.

எனினும் அச்சம் முற்றிலும் காரணமற்றது என்று கூறமாட்டோம். 1960-களில் இங்கிலாந்தில் ஐசோபிரினலின் இன்ஹேலர்கள் மிகுதியாக விற்பனையானபோது ஆஸ்துமா மரணங்கள் உயர்ந்தன. 1967-இல் மருத்துவர்கள் எச்சரிக்கப்பட்டனர், 1968-இல் மருத்துவர் சீட்டின்றி விற்பது நிறுத்தப்பட்டது, மரணங்களும் குறைந்தன. இன்றைய சால்பியூட்டமால் இருதயத்தை அவ்வளவு தூண்டுவதில்லை. ஆனால் உடனடி நிவாரணம் தரும் இம்மருந்தையே நம்பி, உள்வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரைக் கைவிடும் ஆஸ்துமா நோயாளருக்கு ஆபத்து இன்றும் நீங்கவில்லை. ஆஸ்துமாவுக்குச் சால்பியூட்டமாலை மட்டும் தருதல் கூடாதென 2019-இல் சர்வதேச வழிகாட்டுதலே மாற்றப்பட்டது.

ஸ்டீராய்டு இன்ஹேலரால் வாயில் வெண்படலமும் குரல் கம்மலும் தோன்றலாம். ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்து நீரை உமிழ்ந்தால் இவை பெரிதும் குறையும். ஸ்பேசர் குழலும் உதவும். நாட்பட்ட அடைப்பு நோயில் இம்மருந்து நிமோனியாவைச் சற்று மிகுவிக்கிறதென 2007-இல் வெளியான பெரிய ஆய்வொன்று காட்டியது. ஆதலின் அந்நோயில் இது எவருக்கு வேண்டும் என்பதை மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும். காய்ச்சலோடு சளி மிகுந்தால் தாமதியாது அவரைக் காண்க. தாமாக மருந்தை நிறுத்தற்க.

ஊராட்சி உறுப்பினர்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. இன்ஹேலரைப் பிழையாக அழுத்துவோரே மிகுதி. மருந்து தொண்டையிலேயே தங்கிவிடுகிறது. ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரைக் கிராம சபைக்கு அழைத்து, அதனைக் கையாளும் முறையைச் செய்துகாட்டச் சொல்லலாம். நிவாரண இன்ஹேலரை அடிக்கடி வாங்குவோர் எவரேனும் இருப்பின், அவரை ஸ்டான்லி மருத்துவமனைக்கோ ஓட்டேரி அரசு நெஞ்சக மருத்துவமனைக்கோ விரைவில் அனுப்புக.